கடலடியில் ஒரு கோடு, கிள்ளானில் ஒரு குழாய்

நான் கோடு போடுகிறவன். சென்னையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் உட்கார்ந்துகொண்டு, கடலுக்கு அடியில் எண்ணெய்க் கிணறு எந்த வழியாகப் போக வேண்டும் என்று கணினியில் வரைவது என் வேலை. கிணறு என்றதும் நேர் கீழே இறங்கும் ஒன்றுதான் மனதில் வரும். என்னுடையவை அப்படி இல்லை. கடலில் நிற்கும் மேடையிலிருந்து கொஞ்ச தூரம் நேராக இறங்கும். பிறகு மெல்ல வளைந்து, ஏறக்குறையப் படுத்துக்கொண்டு, கிலோமீட்டர் கணக்கில் பக்கவாட்டில் ஓடிப்போய் எண்ணெய் இருக்கிற பாறைக்குள் நுழையும். எண்ணெய் இருக்கிற இடத்திலெல்லாம் மேடை கட்ட முடியாது என்பதால் இந்த ஏற்பாடு. "உங்க வீட்டுக்காரர் என்ன பண்றார்?" என்று கேட்பவர்களிடம் என் மனைவி, "தண்ணி போர்டு மாதிரி" என்று சொல்லி முடித்துக்கொள்வாள்.

மலேசியாவின் கிழக்குக் கரைக்கு அப்பால் இருக்கும் ஒரு வயதான மேடைக்கு நான் போட்டதுதான் என் வாழ்நாளிலேயே நீளமான கோடு. மேடையைச் சுற்றியிருந்த எண்ணெயெல்லாம் உறிஞ்சி முடித்தாயிற்று. வெகுதூரத்தில் ஒரு பாறையில் மட்டும் மீதி இருந்தது. அதை எட்டிவிட்டால் மேடை இன்னும் சில வருஷம் ஓடும். எட்டாவிட்டால் கழற்றிவிடுவார்கள், அதில் வேலை பார்க்கிறவர்களும் வேறு வேலை தேட வேண்டியதுதான். துளை போடும் வேலை நல்லபடியாக முடிந்து, என் கோட்டை விட்டு அதிகம் விலகாமல் நுனிவரை போய்ச் சேர்ந்திருந்தது. நான் அலுவலகத்தில் எல்லோருக்கும் பால்கோவா வாங்கிக் கொடுத்தேன்.

அவசரப்பட்டுவிட்டேன். துளை போட்டால் மட்டும் கிணறு ஆகிவிடாது. அதற்குள் சல்லடைக் குழாய் இறக்க வேண்டும். எண்ணெய் உள்ளே வரும், மணல் வெளியே நின்றுவிடும். வழியில் ஓரிடத்தில் தண்ணீர் கசியும் பாறை இருந்தது. அதற்கு முன்னும் பின்னும் குழாயின் மேல் மாட்டிய ரப்பர் வளையங்கள் சரியாக உட்கார்ந்து, ஊறி உப்பி, தண்ணீரின் வழியை அடைக்க வேண்டும். வளையம் தள்ளி உட்கார்ந்தால் கிணறு எண்ணெய்க்குப் பதில் தண்ணீரைக் கக்கும். இந்தக் கடைசிக் கட்டத்துக்குக் கம்ப்ளீஷன் என்று பெயர். அதாவது, கிணற்றை முடிப்பது. தமிழில் சொன்னால் ஆளை முடித்துவிடுவேன் என்று மிரட்டுவதுபோல இருக்கிறது.

அந்த வேலை நடக்கும்போது கோடு போட்டவன் கோலாலம்பூர் அலுவலகத்தில் கூடவே இருக்க வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார்கள். குழாய் எங்காவது மாட்டிக்கொண்டால் திட்டுவதற்கு ஆள் பக்கத்தில் வேண்டும் என்பது காரணமாக இருக்கலாம்.

திட்டப்போகிறவரை எனக்கு முன்பே தெரியும். பெயர் புவனேஸ்வரி. கோலாலம்பூரை அடுத்த கிள்ளான் ஊர்க்காரர். கிணற்றை முடிக்கும் பொறுப்பு அவருடையது. நானும் அவரும் பல மாதங்களாக மின்னஞ்சலில் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். துளை படுத்துக்கிடக்கும்போது குழாய் தன் எடையால் தானாக நகராது. மேலே நேராக இறங்கும் பகுதியில் தொங்கும் எடைதான் அதைத் தள்ள வேண்டும். அதனால் நேர்ப்பகுதி நீளமாக வேண்டும் என்பது அவர் கட்சி. நேராக அதிகம் இறங்கினால் பிறகு வெடுக்கென்று வளைக்க வேண்டிவரும், உராய்வு கூடும், ஆகவே சீக்கிரமே மெதுவாக வளைய ஆரம்பிக்க வேண்டும் என்பது என் கட்சி. நான் ஜெயித்தேன். அவர் அதை மறக்கவில்லை என்பது விமான நிலையத்திலேயே தெரிந்துவிட்டது.

வெளியே வந்து என் பெயர் எழுதிய அட்டையைத் தேடினேன். அட்டை இல்லை. நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி, முழுக்கைச் சட்டையும் கையில் கார்ச்சாவியுமாக நேராக என் முன்னால் வந்து நின்றார்.

"நீங்கதானே அந்தக் கோடு?"

"வணக்கம் மேடம். திருநாவுக்கரசு."

"மேடம்லாம் வேணாம் லா. புவனான்னு கூப்பிடுங்க. உங்க பேரை எங்க ஆபீஸ்ல யாராலயும் சொல்ல முடியல. மிஸ்டர் திருன்னு வச்சிட்டோம். சாப்டாச்சா?"

அந்த 'லா' அந்த ஊர்ப் பேச்சின் ஒட்டுச்சொல் என்று பிறகு தெரிந்தது. விமானத்தில் சாப்பிட்டேன் என்றேன். "அது சாப்பாடு கிடையாது" என்று என் பெட்டியைத் தூக்கிக் காரில் போட்டார்.

வழி நெடுக நெடுஞ்சாலையின் இரு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள். யாரும் ஹாரன் அடிக்கவில்லை. சென்னையிலிருந்து வருகிறவனுக்கு அந்த அமைதி முதலில் பயமாகத்தான் இருந்தது. எல்லோருக்கும் நம்மேல் கோபமோ என்று தோன்றியது. புவனாவுக்கு நிஜமாகவே கோபம்தான், ஆனால் அதை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"கடல் சரியில்ல. அலை பெருசா இருக்கு. பைப்லாம் போட்லயே உட்கார்ந்திருக்கு, மேடைக்கு ஏத்த முடியல. ரெண்டு மூணு நாள் ஆகும். ஹாலிடேன்னு நினைச்சிக்குங்க. அப்புறம் இருக்குது உங்களுக்கு."

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் ஒரு விடுதியில் இறக்கிவிட்டார். எதிரே மல்லிகைச் சரம் தொங்கும் பூக்கடை, அதை ஒட்டி வடை போடும் கடை, அதற்கு அடுத்தாற்போலத் தமிழ்ப் பாட்டு அலறும் இன்னொரு கடை. நாலு மணி நேரம் பறந்து வந்து மயிலாப்பூரில் இறங்கிவிட்டோமோ என்று நினைத்தேன். ஆனால் மயிலாப்பூரில் நடைபாதை இவ்வளவு அகலமாக இருக்காது, கடைக்காரர் ஐம்பது வயதுக்காரனை "பாஸ்" என்றும் கூப்பிடமாட்டார். "பாஸ், என்னா குடிக்கிறீங்க?" என்று கேட்டார். டீ என்றேன். "தே தாரேவா, தே ஓவா, தே ஓ ஐஸா?" என்று அடுக்கினார். முதலில் சொன்னதையே கொடுங்கள் என்றேன். ஆற்றி ஆற்றி நுரை கட்டிய இனிப்பான டீ வந்தது. அந்த வாரம் முழுக்க மற்ற இரண்டும் என்னவென்று தெரிந்துகொள்ளும் துணிச்சல் எனக்கு வரவில்லை.

மறுநாள் அலுவலகம். துரப்பண வேலைகளுக்கெல்லாம் தலைவர் ரொஸ்லி, மலாய்க்காரர். பெரிய உடம்பு, சின்னக் குரல். சுவரில் என் கோட்டைப் பெரிதாக அச்சடித்து மாட்டியிருந்தார்கள். ரொஸ்லி அதன் முன்னால் என்னை நிறுத்தி, "அழகாக இருக்கிறது. ஆனால் அழகு குழாயைத் தள்ளாது என்று புவனா சொல்கிறார்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு எல்லோருக்கும் இலையில் மடித்த நாசி லெமாக் வந்தது. தேங்காய்ப்பால் சோறு, நெத்திலி, வேர்க்கடலை, சம்பல். இந்த நாட்டில் ஒருவரைக் கிண்டல் செய்தால் உடனே சோறு போட்டுவிடுகிறார்கள். நல்ல பழக்கம்.

சாப்பிட்டுக்கொண்டே புவனா தன் திட்டத்தைச் சொன்னார். குழாய் நகராமல் நின்றுவிட்டால் மேலிருந்து அதைச் சுழற்றிப் பார்க்கலாம். சுழன்றால் உராய்வு கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். ஆனால் சல்லடைக் குழாய் மெல்லியது, அளவுக்கு மீறி முறுக்கினால் கிழிந்துவிடும். எவ்வளவு தாங்கும் என்று தயாரித்தவர்கள் தங்கள் புத்தகத்தில் ஓர் அளவு கொடுத்திருக்கிறார்கள்.

"அது ரொம்பப் பயந்து பயந்து கொடுத்த நம்பர். கிள்ளான் பக்கத்துல ஒரு பட்டறையில முறுக்குற மெஷின் இருக்கு. மிச்சமா ஒரு குழாய் இருக்கு. நாளைக்குக் காலையில அதை முறுக்கி உடைக்கப்போறேன். எங்க உடையுதுன்னு ரெண்டு பேரும் கண்ணால பார்த்துடுவோம். நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

அவர் கிள்ளானிலேயே குடியிருக்கிறவர். என்னைக் கூட்டிப்போக இத்தனை தூரம் வந்து திரும்ப வேண்டும். "வேண்டாம், ரயிலில் நானே வந்துவிடுகிறேன்" என்றேன். "தெரியுமா?" என்றார். கடலுக்கு அடியில், கும்மிருட்டில், ஒரு துரப்பணத்தைக் கிலோமீட்டர் கணக்கில் ஓட்டி ஒரு கல்யாண மண்டப அகலமுள்ள பாறைக்குள் நுழைத்தவனிடம் கேட்கிற கேள்வியா அது?

கே.எல். சென்ட்ரல் நிலையத்தின் கீழ்த்தளத்தில் ரயில் வந்து நின்றது. கூட்டத்தோடு ஏறினேன். குளுகுளுவென்ற பெட்டி, உட்கார இடம். இதல்லவோ ரயில் என்று எங்கள் ஊர் மின்சார ரயிலை நினைத்துக்கொண்டிருந்தபோது, எல்லோரும் என்னைப் பார்ப்பது தெரிந்தது. எல்லோரும் பெண்கள். இளஞ்சிவப்பில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்ததைப் படித்தேன். பெண்கள் பெட்டி. எழுந்து, யாரையும் பார்க்காமல், அடுத்த பெட்டிக்கு நடந்தேன். அந்த வெட்கத்தில் அறிவிப்பு எதுவும் காதில் விழவில்லை. வியர்வை அடங்கவே நாலைந்து நிலையங்கள் ஆயின.

பக்கத்தில் ஒரு பெண், கல்லூரி மாணவிபோல, தமிழில் போனில் பேசிக்கொண்டிருந்தாள். முடித்ததும், "கிள்ளான் இன்னும் எவ்வளவு தூரம்மா?" என்று கேட்டேன்.

"கிள்ளானா? ஐயோ அங்கிள், இது அந்தப் பக்கம் போகாது லா. தப்பா ஏறிட்டீங்க. அடுத்தது காஜாங். இறங்கிடுங்க."

தப்பான ரயிலில் ஏறியதைவிட அந்த 'அங்கிள்'தான் அதிகம் வலித்தது. இறங்கி புவனாவைக் கூப்பிட்டேன்.

"வந்துட்டீங்களா? நான் ஸ்டேஷன் வாசல்லதான் நிக்கிறேன்."

"நானும் ஸ்டேஷன் வாசலில்தான் நிற்கிறேன். ஆனால் காஜாங் ஸ்டேஷன்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார் என்பது பிறகுதான் புரிந்தது.

"மிஸ்டர் திரு, காஜாங் ஒரு பக்கம், கிள்ளான் ஒரு பக்கம். உங்க கோட்டை நம்பியா நாங்க துளை போட்டோம்?" பிறகு குரல் மாறியது. "மெஷின் மத்தியானம் வேற ஆளுக்குக் கொடுத்தாவணும். நான் காத்திருக்க முடியாது. நான் உடைச்சிடறேன். நீங்க வந்ததுக்கு சாத்தே சாப்பிட்டுட்டு வாங்க. காஜாங் போய் சாத்தே சாப்பிடாம வந்தா அதுதான் பெரிய தப்பு."

திரும்பும் ரயிலுக்கு நேரம் இருந்தது. வாடகைக் கார் பிடித்துப் பழைய டவுனுக்குப் போனேன். சாத்தே கடையில் அப்போதுதான் கரி பற்றவைத்திருந்தார்கள். தலையில் முக்காடு போட்ட மலாய் அம்மா, விசிறியால் தணலை வீசிக்கொண்டே, எத்தனை குச்சி என்று சைகையில் கேட்டார். நான் ஒரு கை விரல்களைக் காட்டினேன். அவர் என் உடம்பை ஒரு தடவை பார்த்துவிட்டு இரண்டு கை விரல்களையும் காட்டினார். சரி என்று தலையாட்டினேன். மஞ்சள் தடவிச் சுட்ட கோழி, பக்கத்தில் வெள்ளரிக்காய், அமுக்கி வைத்த சோற்றுக் கட்டிகள், வேர்க்கடலைக் குழம்பு. வேர்க்கடலையை இட்லிக்குத் தொட்டுக்கொள்ள மட்டுமே அறிந்தவன் நான். அந்தக் குழம்பை வழித்து வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், எதிர்த்திசையில் ஒரு பட்டறையில் புவனா தனியாக நின்று குழாயை முறுக்கிக்கொண்டிருந்தார். அதைக் கொஞ்சம்தான் நினைத்தேன். சாத்தே அவ்வளவு நன்றாக இருந்தது.

கிள்ளானுக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. புவனா காரின் பின்கதவைத் திறந்து காட்டினார். பழைய துணியில் சுற்றிய ஒரு துண்டுக் குழாய். ஈரத்துணியைப் பிழிந்ததுபோலச் சல்லடை ஒரு பக்கமாக முறுகிக் கிழிந்திருந்தது.

"புக்ல போட்டிருக்கிறதைவிட ரொம்ப மேல போய்த்தான் உடைஞ்சது. அதுல பாதிக்குக் கொஞ்சம் மேல வரைக்கும் நாம போலாம். பயமில்ல."

நான் அந்த இடத்தில் சும்மா இருந்திருக்கலாம். "ஒரே ஒரு குழாய்தானே உடைத்தீர்கள்? இன்னொன்று சீக்கிரமே உடையலாம். நான் பார்க்கவும் இல்லை. புத்தகத்தில் இருக்கும் அளவையே வைத்துக்கொள்வோம்" என்றேன்.

புவனா பின்கதவை அடித்துச் சாத்தினார். "பார்க்க வேணாம்னு நானா சொன்னேன்?"

கிள்ளானின் லிட்டில் இந்தியா தெருவில் துணிக்கடைகளும் நகைக்கடைகளும் பலகாரக் கடைகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதுபோல நெருக்கிக்கொண்டிருந்தன. என்மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் விருந்தாளியைப் பட்டினி போட அவருக்கு மனம் வரவில்லை. வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குள் இழுத்துக்கொண்டு போனார். காஜாங்கில் சாப்பிட்டாயிற்று என்றேன். "அது சாத்தே, இது சோறு" என்றார். நண்டும் ஆட்டிறைச்சியும் வந்தன. பிறகு அவர் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"முன்னாடி ஒரு கிணறு. நான் மேடையிலதான் இருந்தேன். இதே மாதிரி சல்லடை இறக்கினோம், பாதியில நின்னுச்சு. சுத்திப் பார்க்கலாமான்னு கேட்டேன். எவ்ளோ தாங்கும்னு யாருக்கும் தெரியல. போன்ல ஒருத்தர், வேணாம், அமுக்குங்கன்னார். அமுக்கினோம். உள்ள வளைஞ்சி மடங்கிடுச்சு. எடை காட்டுற முள்ளு அப்படியே சைபருக்கு வந்துச்சு. அந்தக் கிணத்தை மூடிட்டோம். கோடு போட்டவங்களை யாரும் ஒண்ணும் கேக்கல. கடைசியில இறக்கினது நான், அதனால பேர் எனக்கு."

அந்தக் கோடு நான் போட்டதில்லை. ஆனாலும் எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைக்காரர் வந்து, "என்னா அண்ணே, ருசி இல்லியா?" என்று கேட்டு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றிவிட்டுப் போனார். புத்தக அளவை மாற்றலாம் என்று நான் அப்போதும் சொல்லவில்லை. பிடிவாதத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் நல்ல பொருத்தம்.

கடல் அடங்கியது. குழாய்கள் மேடைக்கு ஏறின. ஒன்றோடு ஒன்றைத் திருகி, சல்லடைகளையும் அவற்றைத் தள்ளும் கனமான குழாய்களையும் வரிசையாக இறக்கத் தொடங்கினார்கள். இரவுப் பொழுதை வேறு ஆட்கள் பார்த்துக்கொண்டார்கள். காலையில் நாங்கள் அலுவலக அறைக்குள் நுழைந்தபோது திரையில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. மேடையிலிருந்து சுல் என்ற மேற்பார்வையாளரின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. கிளந்தான் மாநிலத்துக்காரராம், அங்கே பேச்சே தனி. அவர் மலாய் ரொஸ்லிக்கே பாதிதான் புரிந்தது என்று புவனா காதில் சொன்னார். எடை குறையக் குறைய சுல்லும் பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

கொக்கியில் தொங்கும் எடைதான் எல்லாம். குழாயை உராய்வு பிடித்துக்கொள்ள ஆரம்பித்தால் கொக்கியில் எடை குறையும். சைபரை நெருங்கினால் தள்ள ஒன்றும் மிச்சமில்லை என்று அர்த்தம். முற்பகலில் எண் மெல்ல மெல்ல இறங்கி, சைபருக்குப் பக்கத்தில் போய் நின்றது. குழாயும் நின்றது. ரப்பர் வளையங்கள் உட்கார வேண்டிய இடத்துக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி.

"புத்தக அளவுக்குச் சுழற்றிப் பாருங்கள்" என்றார் ரொஸ்லி. சுழற்றினார்கள். அசையவில்லை.

"வெளியே எடுத்துவிட்டு மறுபடி இறக்கலாமா?" என்று கேட்டார் ரொஸ்லி.

"எடுக்கறதுக்குள்ள துளை மூடிக்கிட்டாலும் மூடிக்கும்" என்றார் புவனா. "இன்னும் முறுக்கணும். நான் உடைச்சிப் பார்த்த அளவுல பாதிக்கு மேல போவோம்."

ரொஸ்லி என்னைப் பார்த்தார். திட்டத்தை மாற்ற நாங்கள் இரண்டு பேரும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. "சோதனையை இரண்டு பேரும் பார்த்தீர்கள் அல்லவா?"

"அவர் பார்த்தார். நான் காஜாங்கில் சாத்தே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்."

யாரும் சிரிக்கவில்லை.

நான் புவனா பக்கம் திரும்பினேன். "உடையும்போது முதலில் எது போச்சு? திருகா, சல்லடையா?"

"சல்லடைதான். திருகு கடைசி வரைக்கும் அப்படியே இருந்துச்சு. சல்லடை கிழியறதுக்கு முன்னாடி சுருங்குது, ஒரு சத்தம் வருது. நான் சொல்ற அளவு அந்தச் சத்தத்துக்கே ரொம்பக் கீழ. பட்டறையில அந்த இடத்துல மெஷினை நிறுத்தச் சொல்லி, கையால தடவிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்ல." அவர் என்னைப் பார்த்தார். "இப்ப நான் கேக்கறேன். நாம மேலே முறுக்கறது அவ்வளவும் கீழ வராது. உங்க வளைவுலயே பாதி போயிடும். எவ்ளோ வந்து சேரும்?"

அது என் கணக்கு. வளைவின் ஒவ்வோர் அங்குலத்திலும் உராய்வு எவ்வளவு தின்னும் என்று நான்தான் சொல்ல வேண்டும். கீழே வந்து சேர்வதைக் கொஞ்சம் குறைத்துச் சொன்னால் அவர் பயப்படாமல் முறுக்குவார், சல்லடை கிழியும். கூட்டிச் சொன்னால் போதாமல் முறுக்கி, குழாய் அங்கேயே நிற்கும். காலையிலிருந்து வந்த எடைகளைப் போட்டு மறுபடி கணக்கிட்டேன். என் பழைய கணக்கைவிட உராய்வு அதிகமாகவே இருந்தது. அந்த நேர்ப்பகுதி விஷயத்தில் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது என்பது அந்த எண்ணிலேயே எழுதியிருந்தது. அதை இப்போது சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை.

"மேலே முறுக்குவதில் கால் பங்குதான் வரும். நீங்கள் கேட்கிற அளவு கீழே கிடைக்க மேலே இவ்வளவு வேண்டும்" என்று எழுதிக் காட்டினேன்.

"நிச்சயமா?"

"நிச்சயம்."

"நான் சொன்ன அளவுக்கு நீங்க ஒத்துக்கிறீங்களா?"

"ஒத்துக்கொள்கிறேன். சுற்றட்டும்."

புவனா மலாயில் சுல்லிடம் எண்களைச் சொன்னார். திரையில் முறுக்கு ஏறத் தொடங்கியது. புத்தக அளவைத் தாண்டியது. பக்கத்தில் புவனா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்திருந்த விதத்தில் அது கழன்று வந்துவிடும்போல இருந்தது. திடீரென்று கொக்கியின் எடை கொஞ்சம் ஏறியது. பிறகு இன்னும் கொஞ்சம். சுல் ஏதோ கத்தினார். இந்தத் தடவை ரொஸ்லிக்கு முழுக்கப் புரிந்தது.

"நகர்கிறதாம்."

நகர்ந்தது. பிடிவாதக்காரக் குழந்தையை இழுத்துப்போவதுபோல, நின்று நின்று, ஒவ்வொரு குழாயாக. மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் வளையங்கள் தண்ணீர்ப் பாறைக்கு இரண்டு பக்கமும் வந்துவிட்டன. அதையும் தாண்டிக் கொஞ்சம் போயிற்று. என் கோட்டின் நுனிக்கு இரண்டு குழாய் நீளம் இருக்கும்போது எடை மறுபடி விழ ஆரம்பித்தது.

"இன்னும் இரண்டே குழாய்" என்றேன். என்னையும் அறியாமல் கெஞ்சுகிற குரல். "நுனி வரைக்கும் போய்விடலாம்."

"வேணாம்" என்றார் புவனா. "வளையம் ஓகே. எண்ணெய்ப் பாறைக்குள்ள முக்கால்வாசிக்கு மேல குழாய் போயிடுச்சு. அந்த நுனியில என்னா இருக்கு?"

அந்த நுனியில் என் பெருமை இருந்தது. வேறொன்றும் இல்லை. நான் சுவரில் தொங்கிய கோட்டைப் பார்த்தேன். ரொஸ்லி என்னைப் பார்த்தார். கோட்டைக் குறுக்குவதும் கோடு போட்டவன் வாயால்தான் வர வேண்டுமாம். ஒலிபெருக்கியின் பக்கம் குனிந்து, "சுல், அங்கேயே நிறுத்திவிடுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். "ஓகே பாஸ்" என்று பதில் வந்தது. எண்கள் அசையாமல் நின்றன. புவனா எழுந்து வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். கண் சிவந்திருந்தது. நான் பார்க்காததுபோல இருந்தேன், அவரும் நான் பார்க்கவில்லை என்பதுபோலவே இருந்தார். ரொஸ்லி இரண்டு பேரின் கையையும் குலுக்கிவிட்டு அடுத்த கிணற்றைப் பற்றிய கூட்டத்துக்குப் போய்விட்டார். துப்புரவுக்காரர் வந்து மேசையைத் துடைக்க ஆரம்பித்தார். அவ்வளவுதான்.

"பசிக்குது" என்றார் புவனா.

பிரிக்ஃபீல்ட்ஸில் அதுவரை நான் போகாத ஒரு சந்தில் சின்னக் கடை. நாலே மேசை. புவனா சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். தோசை, மறுபடி தோசை, பிறகு அப்பம். கடைக்காரர் அசந்துபோய்ப் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

"அக்கா, எங்க வேலை செய்றீங்க? இவ்ளோ பசியோட வந்திருக்கீங்க?"

"குழாய் வேலைண்ணே" என்றார் புவனா, வாயில் அப்பத்தோடு.

கடைக்காரர் முகம் மலர்ந்தது. "நெசமாவா? ரெண்டு பேருமா? நல்ல நேரத்துல வந்தீங்க! பின்னாடி சிங்க் அடைச்சிக்கிச்சு, காலையில இருந்து தண்ணி போகல. ஆள் வரேன்னு சொல்லிட்டு வரவே இல்ல. கொஞ்சம் பார்த்துட்டுப் போங்களேன்."

நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். புவனா அதற்குள் கையைக் கழுவப் போனவர், கழுவ முடியாமல் திரும்பி, முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, "கம்பி ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கடைக்காரர் துணி மாட்டும் கம்பியை நீட்டி நிமிர்த்திக் கொடுத்தார். நான் போனின் வெளிச்சத்தைப் பிடித்தேன். புவனா மண்டியிட்டுக் கம்பியை உள்ளே விட்டு, சுற்றி, இழுத்து, திரும்ப விட்டார். "லைட்டை இந்தப் பக்கம் பிடிங்க. அந்தப் பக்கம் இல்ல, இந்தப் பக்கம்." நான் பிடித்தேன். தேயிலைச் சக்கையும் கறிவேப்பிலையும் ஒரு கொத்தாக வந்தது. அப்புறம் ஒரு சின்னக் கரண்டியும் வந்தது.

தேங்கிக் கிடந்த தண்ணீர் ஒரு சுழி சுழித்துவிட்டு, மொத்தமாகச் சத்தம் போட்டுக்கொண்டு இறங்கியது. கடைக்காரர் கைதட்டினார். அடுப்படியில் நின்றவர்களையும் கூப்பிட்டுத் தட்டச் சொன்னார். புவனா எழுந்து, அழுக்குக் கையோடு, நாடக மேடையில் நிற்கிறவர்போலக் கொஞ்சம் குனிந்து வணக்கம் சொன்னார். நானும் போனைப் பிடித்தபடியே சொன்னேன். அன்று எங்களுக்குக் கிடைத்த ஒரே கைதட்டல் அதுதான்.